தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் “ஒன்றும் இல்லை சார்” என்கிறார்கள். என்ன செய்வது?

நூல்முனை எழுதியது:

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். என் கீழ் ஏழு பேர். வாங்குநரின் மின்னஞ்சலில் தொடங்கி நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்திப் பதப்படுத்துவது), கட்டிங், தையல், செக்கிங் என்று ஒவ்வொரு ஆர்டரின் பின்னாலும் ஓடி, பெட்டி தூத்துக்குடிக்கு லாரி ஏறும் வரை துரத்துவது இவர்கள் வேலை. ஒவ்வொருவர் கையிலும் எந்த நேரமும் எட்டுப் பத்து ஸ்டைல் இருக்கும்.

எட்டு மாதத்துக்கு முன் புதிதாக வந்த மனிதவள அதிகாரி ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். வாரம் ஒரு முறை ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் தனியாகப் பேச வேண்டும், பெயர் ‘ஒன்-டு-ஒன்’. நிரப்பிக் கொடுக்க ஒரு படிவமும் உண்டு. ஏழு பேருக்கு வாரத்தில் மூன்றரை மணி நேரம். நான் ஒரு வாரமும் தவறியதில்லை. வியாழக்கிழமை மதியம் என் கண்ணாடி அறைக்குள் வரிசையாக வருகிறார்கள், ரேஷன் கடை மாதிரி. நடப்பது இதுதான்.

“என்னப்பா, எப்படிப் போகிறது?”

“ஓடிக்கொண்டிருக்கிறது சார்.”

“ஏதாவது பிரச்சினை?”

“ஒன்றும் இல்லை சார்.”

அதற்குப் பிறகும் இருபத்தெட்டு நிமிடம் மீதி இருக்கும். டி.என்.ஏ.வைத் திறப்பேன். (எந்த ஸ்டைல் எந்தத் தேதியில் எந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும் என்ற அட்டவணைக்கு எங்கள் தொழிலில் இதுதான் பெயர். மரபணு ஆராய்ச்சி ஒன்றும் இல்லை.) லேப் டிப் (சாயம் சரியா என்று பார்க்க முதலில் தோய்க்கிற மாதிரித் துண்டு) ஒப்புதல் வந்ததா, பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முன் அனுப்புகிற மாதிரி உடை) போனதா, பட்டன் எங்கே, லேபிள் எங்கே என்று வரிவரியாகக் கேட்பேன். இதையேதான் தினமும் காலை 9.15 கூட்டத்திலும் கேட்கிறேன்.

போன மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். குழுவில் 27 வயதுப் பையன் ஒருவன், கெட்டிக்காரன். அவன் கையில் 160 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட் ஆர்டர். காம்பாக்டிங் முடிந்து வந்த துணி 148தான் நின்றது. ஜி.எஸ்.எம். பார்ப்பது பெரிய வித்தை இல்லை. வட்டக் கத்தியை வைத்துத் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் துண்டு விழும். அதைத் தராசில் வைத்து, வருகிற கிராமை நூறால் பெருக்க வேண்டும். 1.48 கிராம் என்று அவனே வெட்டி, அவனே நிறுத்து, தன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். எங்கள் வாங்குநர் 5 சதவீதம் கூடக்குறைய ஏற்பார்; அதாவது 152க்குக் கீழே இறங்கக் கூடாது. அவன் எழுதிய தேதிக்கும் விஷயம் என் காதுக்கு வந்த தேதிக்கும் நடுவில் இரண்டு வியாழக்கிழமைகள். இரண்டிலும் என் எதிரே உட்கார்ந்து “ஒன்றும் இல்லை சார்”. அட்டவணையில் ‘துணி வந்தது’ என்ற கட்டத்தில் பச்சை அடித்திருந்தான். துணி வந்தது உண்மைதானே! அந்த நாட்களில் காம்பாக்டிங்காரர் பின்னால் அலைந்து, சத்தமில்லாமல் சரிசெய்துவிடப் பார்த்திருக்கிறான். நடக்கவில்லை. கடைசியில் மறுபடி துணி ஓட்டி, கப்பலைத் தவறவிட்டு, ஏர் ஷிப்மெண்டில் அனுப்பினோம். அந்த ஆர்டரில் வந்திருக்க வேண்டிய லாபம் எங்கள் தலைக்கு மேலே பறந்து போனது.

நான் யாரிடமும் சத்தம் போடுகிற ஆள் இல்லை என்று நினைக்கிறேன். பிறகு ஏன் சொல்லவில்லை? கேள்வியை மாற்ற வேண்டுமா, கிழமையை மாற்ற வேண்டுமா, இந்தச் சந்திப்பையே விட்டுவிடலாமா? “மனம் திறந்து பேசுங்கள்” என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். அதை எங்கள் அலுவலகச் சுவரில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறார்கள்.

---

சோழிங்கநல்லூர்_சோதனை எழுதியது:

சார், அந்த அரை மணி நேரம் முழுக்க உங்களுடையதாக இருக்கிறது. கேள்வி உங்களுடையது, அறை உங்களுடையது, அட்டவணையும் உங்களுடையது. அவர்கள் பதில் சொல்லிவிட்டுப் போக வருகிறார்கள்.

நான் மென்பொருள் சோதனைக் குழு ஒன்றை ஒன்பது வருடமாக நடத்துகிறேன். எங்கள் பக்கத்தில் இந்தச் சந்திப்பைப் பற்றி யார் பேசினாலும் இன்டெலை நடத்திய ஆண்ட்ரூ குரோவிடம்தான் போய் நிற்பார்கள். 1983இல் வந்த தன் மேலாண்மைப் புத்தகத்தில் அவர் திட்டவட்டமாகச் சொல்வது, இது கீழே வேலை செய்பவரின் கூட்டம், என்ன பேசுவது என்று அவர்தான் குறித்துக்கொண்டு வர வேண்டும் என்பது. ஒரு மணி நேரமாவது கொடு என்கிறார். நேரம் குறைந்தால் சட்டென்று முடிகிற சில்லறை விஷயங்களை மட்டுமே எடுத்து வருவார்களாம். எல்லோருக்கும் ஒரே அளவு என்றும் அவர் சொல்லவில்லை. அந்த வேலைக்குப் புதியவர் என்றால் வாரம் ஒரு தடவை; பழம் தின்று கொட்டை போட்டவர் என்றால் சில வாரங்களுக்கு ஒரு தடவை போதும்.

உங்கள் ஏழு பேரில் இரண்டு பேர் புதியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த இருவருக்கு வாரம் ஒரு மணி, மற்ற ஐவருக்கு மாதம் ஒரு மணி. நான்கு வாரத்துக்குப் பதின்மூன்று மணி நேரம். இப்போது நீங்கள் செலவழிப்பது பதினான்கு.

கண்ணாடி அறையையும் குரோவ் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். முடிந்தால் அவர் வேலை செய்கிற இடத்துக்கு நீ போ என்பது அவர் கட்சி. போனால் மேஜை எப்படிக் கிடக்கிறது, பத்து நிமிடத்தில் எத்தனை பேர் வந்து குறுக்கிடுகிறார்கள் என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

என் சொந்தத் தவறு ஒன்று. குழுவில் ஒரு பெண், நான் மடிக்கணினியில் தட்டத் தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிடுவாள். அவள் கூச்ச சுபாவம் என்று நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் மின்சாரம் போய், கணினியும் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட, அன்று மட்டும் முக்கால் மணி நேரம் பேசினாள். நான் தட்டுவதெல்லாம் ஆண்டு இறுதி மதிப்பீட்டுக்குப் போகிறது என்று நினைத்திருக்கிறாள். பாதி உண்மையும்கூட. இப்போது ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. எழுதுவது அவர்கள், வீட்டுக்கு எடுத்துப் போவதும் அவர்கள். நான் என்ன செய்து தருவதாக ஒப்புக்கொண்டேனோ அதை மட்டும் என் டைரியில் குறித்துக்கொள்கிறேன்.

“எப்படிப் போகிறது” என்பதற்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு. நான் இப்போது கேட்பது, “இந்த வாரம் எந்த வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டி வந்தது?” ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் போதும்.

---

வெட்டிவேர் எழுதியது:

முதலில் அந்தப் படிவத்தைக் கிழித்துப் போடுங்கள். எங்கள் அலுவலகத்தில் மனிதவளத் துறைக்குச் சந்தித்த தேதியும் இரண்டு கையெழுத்தும் மட்டும்தான் போகும். அவர்களுக்கும் படிக்கிற வேலை மிச்சம்.

---

எதிர்நாற்காலி எழுதியது:

அண்ணா, நான் அந்தப் பையன் உட்காருகிற நாற்காலிக்காரன். வயதும் கிட்டத்தட்ட அதே. ஊர் வேறு, தொழில் வேறு. ஒரு தனியார் மருத்துவமனையில் காப்பீட்டு பில் பிரிவு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலாளரும் தனியாகக் கூப்பிட்டு “எதுவாக இருந்தாலும் சொல்லு தம்பி, இது நம் இருவருக்குள்தான்” என்றார். நான் நம்பினேன். டிஸ்சார்ஜ் சம்மரி எங்கள் கைக்குத் தாமதமாக வருகிறது, அதனால் நோயாளி மருந்தெல்லாம் கட்டிக்கொண்டு, செருப்பு மாட்டிக்கொண்டு, மூன்று மணி நேரம் வராந்தாவில் உட்கார வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். யார் தாமதம் என்று கேட்டார். பெயர் சொல்லத் தயங்கினேன். அவர் விடவில்லை, சொன்னேன். திங்கட்கிழமைக் கூட்டத்தில் பதினோரு பேர் முன்னால், “நீங்கள் லேட் பண்ணுகிறீர்களாமே, தம்பி சொல்கிறான்” என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அன்று மதியம் சாப்பாட்டு மேஜையில் என் எதிரே யாரும் உட்காரவில்லை. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன். அம்மா சாயங்காலம் திறந்து பார்த்து ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். “ஒன்றும் இல்லை” என்றேன். அதற்குப் பிறகு மூன்று வருடமாக மேலாளருக்கும் அதே பதில்தான்.

நீங்கள் அப்படிச் செய்திருப்பீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் “சத்தம் போடுகிற ஆள் இல்லை” என்று எழுதிவிட்டு, பின்னாலேயே “என்று நினைக்கிறேன்” என்று சேர்த்திருக்கிறீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு போங்கள். உங்களிடம் கடைசியாகக் கெட்ட செய்தி கொண்டுவந்தவர் யார்? வந்ததும் அவருக்கு என்ன நடந்தது? உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அவர்கள் ஏழு பேருக்கும் நன்றாக இருக்கும்.

இன்னொன்று. கண்ணாடி அறை என்றால் வெளியே இருக்கிற ஆறு பேரும் உள்ளே இருப்பவனின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதிகமாகப் பேசினால் போட்டுக்கொடுக்கிறான். குறைவாகப் பேசினால் நல்லவன்.

---

பழைய_வார்ப்படம் எழுதியது:

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் ஃபவுண்டரியில் 31 வருடம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் ஒன்றும் கிடையாது, டூவும் கிடையாது. பத்தரை மணி டீக்கு மோல்டிங் பக்கம் நின்றால் போதும், ஊர்க்கதையோடு வேலைக்கதையும் தானாக வந்துவிடும். ஆளைத் தனி அறைக்குக் கூப்பிட்டால் சீட்டுக் கிழியப் போகிறது என்றுதான் அர்த்தம்.

இப்படித்தான் எழுதிவிட்டு நிறுத்த நினைத்தேன். ஆனால் ஒருவர் ஞாபகம் வந்துவிட்டது. உலைக்குச் சரக்குப் போடுகிறவர், என்னைவிட நாலு வயது மூத்தவர். பிக் அயர்ன் எத்தனை கிலோ, ஸ்கிராப் எத்தனை கிலோ, ஃபெர்ரோ சிலிக்கான் எவ்வளவு என்று ஒவ்வொரு ஹீட்டுக்கும், அதாவது ஒவ்வொரு முறை உருக்கும்போதும், ஒரு தாள் வரும். ஒரு வருடம் நிர்வாகம் அந்தத் தாளை ஆங்கிலத்துக்கு மாற்றியது. அவர் அதற்கு முன்னும் பின்னும் ஒரு தவறும் செய்யவில்லை. ஒரு வருடம் கழித்து, உக்கடம் போகிற பஸ்ஸில் தற்செயலாகப் பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: “அந்தத் தாளை எனக்குப் படிக்க வராது. ஷிஃப்டுக்கு அரை மணி முன்னால் வந்து, லேப் பையனைப் படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொள்கிறேன்.”

தினமும் அவரோடு டீ குடித்தவன் நான். டீக்கடையில் எட்டுப் பேர் இருப்பார்கள். எட்டுப் பேர் முன்னால் ஒரு மனிதர் எனக்குப் படிக்க வராது என்று எப்படிச் சொல்வார்? பதினெட்டு வருடத்தில் அவரோடு தனியாக இருந்தது அந்த இருபது நிமிடம்தான். அதற்கும் பஸ்ஸில் இடம் கிடைத்ததுதான் காரணம்.

ஆகவே விட்டுவிடாதீர்கள். ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு கேட்காதீர்கள்.

---

நூல்முனை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ‘என்று நினைக்கிறேன்’ நன்றாகவே குத்தியது. முயன்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

---

நூல்முனை எழுதியது (ஏழு வாரம் கழித்து):

சொன்னபடி வந்துவிட்டேன். படிவம் போய்விட்டது. மனிதவள அதிகாரி முதலில் முகம் சுளித்தார். தேதியும் கையெழுத்தும் கொடுக்கிறேன் என்றதும் ஒத்துக்கொண்டார். டி.என்.ஏ. காலைக் கூட்டத்தோடு சரி. தனியாகப் பேசும்போது அதைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு வாரம் கை அரித்தது.

அந்தப் பையனை அறைக்குக் கூப்பிடவில்லை. காம்பாக்டிங் யூனிட்டுக்கு அவன் போகிற அன்று நானும் கிளம்பினேன். திரும்பி வரும் வழியில் ஒரு பேக்கரியில் டீ. எதிர்நாற்காலி கேட்கச் சொன்னதையே கேட்டேன்: “என்னிடம் கடைசியாகக் கெட்ட செய்தி சொன்னது யார்?” பன்னைப் பிய்த்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தான். உண்மையில் யோசிக்கவில்லை, சொல்லலாமா என்று பார்த்திருக்கிறான். பிறகு சொன்னான். போன வருடம் கிரே மெலாஞ்ச் துணியில் ஷேடு மாறியிருப்பதை எங்கள் குழுவில் மூத்த பெண் ஒருவர் வந்து சொன்னாராம். நான் கேட்ட முதல் கேள்வி, “இதை யார் அப்ரூவ் செய்தது?” இரண்டாவது கேள்வி, “எழுத்தில் இருக்கிறதா?”

“நான் சத்தம் போட்டேனா?”

“இல்லை சார், மெதுவாகத்தான் கேட்டீர்கள். அக்கா அன்று சாயங்காலம் வரைக்கும் பழைய மெயில்களைத் தேடிக்கொண்டே இருந்தார்.”

எனக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை. வாங்குநர் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று கேட்டிருப்பேன். அந்தப் பெண்ணிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் எப்போதோ நடந்தது சார்” என்றார். ஆனால் தேதியைச் சரியாகச் சொன்னார்.

நோட்டு யோசனை வேலை செய்கிறது. “இரண்டு தடவை செய்த வேலை எது” என்ற கேள்விக்கு நாலு பேர் வேறு வேறு வாரங்களில் ஒரே பதிலைச் சொன்னார்கள்: கலர் பார்ப்பது. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பான்டோன் புத்தகம் (நிறங்களை எண் போட்டுக் காட்டுகிற மாதிரிப் புத்தகம்), பருத்தித் துணித் துண்டுகள் ஒட்டியது. விலை அதிகம், காணாமல் போகக் கூடாது என்று அதை என் டிராயரில் பூட்டி வைத்திருந்தேன். நான் மீட்டிங்கில் இருந்தால் அவர்கள் மொபைல் திரையில் நிறத்தைப் பார்த்து லேப் டிப்புக்குச் சொல்லிவிடுகிறார்கள். டையிங்கிலிருந்து ஏ, பி, சி என்று மூன்று துண்டு வரும், மூன்றும் தள்ளுபடியாகும், மறுபடி முதலிலிருந்து. லேப் டிப் ஏன் தாமதம் என்று வாராவாரம் அவர்களையே கேட்டுக்கொண்டு சாவியை நான் இடுப்பில் வைத்திருந்திருக்கிறேன்! இப்போது புத்தகம், நிறம் ஒப்பிட்டுப் பார்க்கிற லைட் பாக்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. யார் எடுத்தாலும் ஒரு சீட்டில் பெயர் எழுதுகிறார்கள். இதுவரை காணாமல் போகவில்லை.

புதிதாகச் சேர்ந்த பெண் மூன்றாவது வாரம்தான் பேசினார். அவர் ஆர்டர்கள் ஜெர்மனிக்கு. அங்கே நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால். அவர்கள் மதியச் சாப்பாடு முடித்து மெயில் அனுப்பத் தொடங்கும்போது இங்கே ஹாஸ்டலுக்குப் போகிற கடைசிக் கம்பெனி வண்டி புறப்பட்டுவிடும். வண்டியைப் பிடித்தால் மறுநாள் காலை நான் “ஏன் பதில் போகவில்லை” என்பேன். பிடிக்காவிட்டால் ஆட்டோவுக்கு 180 ரூபாய். மாதத்தில் பத்து நாளாவது ஆட்டோ. ஐந்து மாதமாக. அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிற இன்னொருவருக்கு மாலை மெயில்களை மாற்றிவிட்டேன். பதிலுக்கு அவருடைய காலை வேலை கொஞ்சம் இவருக்கு. இதை ஏற்பாடு செய்ய எனக்குப் பிடித்த நேரம் பத்து நிமிடம்.

சறுக்கலும் உண்டு. நாலாவது வாரம் வாங்குநரின் ஆட்கள் வந்ததால் இந்தப் பெண்ணின் சந்திப்பைத் தள்ளிப்போட்டேன், பிறகு மறந்தே போனேன். அடுத்த வாரம் அவர் நோட்டைத் திறந்தபோது தெரிந்தது: போன வாரத் தேதியின் கீழே ஐந்து வரி எழுதி, மேலே ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். என்ன அது என்று கேட்டேன். “முடிந்துவிட்டது சார்” என்றார். அவ்வளவுதான், வாங்க முடியவில்லை.

போன செவ்வாய் அந்தப் பையன் கூப்பிடாமலே வந்தான். மேஜைமேல் வட்டமாக வெட்டிய துணித்துண்டை வைத்தான். 153.

“உள்ளேதான் நிற்கிறது சார். ஆனால் நாலு ரோலில் மட்டும்தான் வெட்டிப் பார்த்தேன்.”

‘யார்’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, “மீதி எத்தனை ரோல்?” என்றேன். முப்பத்தெட்டு. இரண்டு பேரும் கத்தியையும் தராசையும் எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனோம். ஆறு ரோல் தேறவில்லை. கப்பலுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.

ஒரே ஒருவர்தான் மசியவில்லை. குழுவிலேயே மூத்தவர், 52 வயது, எனக்குப் பதினோரு வயது பெரியவர். இந்தத் தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர். நோட்டு கொடுத்தேன், அதில் பால் கணக்கு எழுதுகிறார். “என்னை எதற்குத் தம்பி தனியாகக் கூப்பிடுகிறாய், ஊருக்குத் தெரியாத ரகசியம் என்னிடம் என்ன இருக்கிறது?” என்கிறார். ஆனால் அவருடைய இரண்டு ஸ்டைல்கள் ஒரு மாதமாக இழுத்துக்கொண்டிருக்கின்றன. யோசனை இருந்தால் எழுதுங்கள்.

---

பழைய_வார்ப்படம் எழுதியது:

தம்பி என்றுதானே கூப்பிடுகிறார், பிறகென்ன. அடுத்த தடவை அவர் டையிங் போகும்போது நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். வண்டியை அவரே ஓட்டட்டும்.